ஷாவோலின் குங்ஃபூவா, தாய்ச்சியா?

சீனத் தற்காப்புக் கலை ஒன்றைக் கற்க விரும்புவோர் பெரும்பாலும் இவ்விரண்டில் எதைத் தேர்வது என்றே தயங்குகின்றனர். இரண்டுமே ஹெனான் மாகாணத்தில் வேரூன்றியவை.

மரபு
ஷாவோலின்: சோங் மலையிலுள்ள பௌத்த மடத்தைச் சார்ந்தது. அம்மடத்துத் துறவியர் 621-இல், பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமினுக்குப் போரில் துணைநின்றதை அங்குள்ள 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மரே இக்கலையைக் கற்பித்தார் என்னும் நம்மவர் பெருமிதத்துக்கு வரலாற்றாசிரியர்கள் சான்று காணவில்லை என்பது சற்று ஏமாற்றமே.
தாய்ச்சி: 17-ஆம் நூற்றாண்டில் சென் குடும்பத்தாரின் சென்ஜியாகோ கிராமத்தில் உருப்பெற்றதாகக் கருதப்படுவது, அவர்களிடம் பயின்ற யாங் லுச்சான் பெய்ஜிங்கில் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே பரவலாயிற்று.

உடலுழைப்பு
ஷாவோலின்: தொடைகள் தரைக்கு இணையாகும்வரை தாழ்ந்து அசையாமல் நிற்கும் குதிரை நிலையில் தொடங்கி, உதைகளுக்கும் தாவல்களுக்கும் செல்லும்.
தாய்ச்சி: உடலெடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாறும், ஆனால் முழங்கால் பாதத்தின் திசையிலிருந்து உள்நோக்கி விலகினால், மென்மையான கலை என்று நம்பி வந்தவருக்கும் மூட்டு வலி வரும்.

காலம்
ஷாவோலின்: ஆண்டுக்கணக்கில்.
தாய்ச்சி: 1956-இல் வகுக்கப்பட்ட 24 நிலைத் தொகுப்பைச் சில மாதங்களில் மனப்பாடம் செய்துவிடலாம், தேர்ச்சி வேறு.

துள்ளும் வயதினருக்கும் மேடையேற விரும்புவோருக்கும் ஷாவோலின் பொருந்தும். நடுவயதைக் கடந்தவர்களுக்கும், தடுமாறாமல் நடக்கும் உடற்சமநிலையை நாடுவோருக்கும் தாய்ச்சியையே பரிந்துரைப்பேன்.