ஸ்வீட்டன்ஸ் கோவா, சுவானியா?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், ஒன்றுக்கொன்று அரை மணி நேரக் கார் தூரத்தில் ஸ்வீட்டன்ஸ் கோவ், சுவானி என்று இரண்டு கோல்ஃப் மைதானங்கள். இரண்டிலும் 9 ஹோல்தான் (ஹோல் என்றால் பந்தைப் போட வேண்டிய குழி). உறுப்பினராக இல்லாமலே இரண்டிலும் ஆடலாம். அட்லாண்டாவிலிருந்தோ நாஷ்வில்லிலிருந்தோ ஒரு நாள் கிடைத்தால் எங்கே போவது?

சவுத் பிட்ஸ்பர்க் ஊருக்குப் பக்கத்தில், செக்வாச்சி பள்ளத்தாக்கில் இருக்கிறது ஸ்வீட்டன்ஸ் கோவ். முன்பு அங்கே தட்டையான, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு மைதானம் இருந்தது. மைதான வடிவமைப்பாளர்கள் ராப் காலின்ஸ், டாட் கிங் இருவரும் மண்ணைக் குவித்து மேடும் மடுவுமாக அதை மாற்றினார்கள். 2014-இல் திறந்தபோது கிளப் கட்டடம்கூடக் கிடையாது, ஒரு சின்னக் கொட்டகைதான். 2019-இல் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் பெய்டன் மேனிங், முன்னாள் டென்னிஸ் வீரர் ஆண்டி ராடிக் உள்ளிட்ட குழு முதலீடு செய்தது.

இங்கே ஃபேர்வேக்கள், அதாவது பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்பாதைகள், மிக அகலம். பந்தைத் தொலைக்கும் பயம் குறைவு. ஆனால் கிரீன்கள், அதாவது குழியும் அதைக் காட்டும் கொடியும் இருக்கும் புல்தரைகள், பிரமாண்டம், அலை அலையாக வளைந்தவை. கொடிக்கு இருபதடி தள்ளி விழுந்த பந்து சரிவில் உருண்டு எங்கோ போய்விடும். சில நேரம் கொடிக்கு எதிர்ப்பக்கம் அடித்து மேட்டில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதே 9 ஹோலை இரண்டாம் முறை சுற்றும்போது, கொடி வேறு மூலையில் இருந்தால் அது வேறு ஆட்டம். அதனால்தான் ஒரு நாள் பாஸ் வாங்கி, இருட்டும்வரை ஆடுகிறார்கள். பாஸ் விலை அதிகம், சீக்கிரமே தீர்ந்தும்விடும்.

சுவானி, கம்பர்லேண்ட் பீடபூமியின் மேல், ஆயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மைதானம் அது. ரியோ ஒலிம்பிக் மைதானத்தை அமைத்த கில் ஹான்ஸ்தான் இதையும் புதுப்பித்தார், 2013-இல் திறந்தது. மலை விளிம்பில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். கோடையில் கீழே இருப்பதைவிடக் குளுமை. கட்டணமும் வெகுவாகக் குறைவு.

காட்சிக்குச் சுவானி, ஆட்டத்துக்கு ஸ்வீட்டன்ஸ் கோவ் என்று பலர் பிரிப்பார்கள். எனக்கு அது முழுச் சரியாகப் படவில்லை. பள்ளத்தாக்கின் தரையில் நின்று, சுற்றிலும் எழும் மலைச்சுவரைப் பார்த்துக்கொண்டே ஆடுவதும் அழகுதான். ஒரே நாள் என்றால் நான் ஸ்வீட்டன்ஸ் கோவையே சொல்வேன். புதிதாகப் பழகுபவர், ஆடாத குடும்பத்தாரோடு வருபவர் சுவானிக்குப் போகலாம். கல்லூரி வளாகத்தைச் சுற்றவே அரை நாள் போதாது.

அப்புறம், அட்லாண்டாவிலிருந்து வருபவர்கள் கவனிக்க: இரண்டு ஊர்களிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். கூடுதலாகக் கிடைக்கும் அந்த நேரத்தில் சவுத் பிட்ஸ்பர்க்கில் லாட்ஜ் (Lodge) என்ற பாத்திர நிறுவனத்தின் கடைக்குப் போய் வாருங்கள். 1896-இலிருந்து வார்ப்பிரும்புப் பாத்திரம் செய்யும் ஊர். நல்ல தோசைக்கல் அங்கே கிடைக்கும்.