வாய் திறக்கும் பயிற்சி: ஐஸ் குச்சியா, கருவியா?

தாடை ஆபரேஷன், அப்புறம் ரேடியேஷன். எல்லாம் முடிந்தபோது அப்பாவின் வாயில் ஸ்பூன்கூட நுழையவில்லை. திறப்பு 35 மி.மீ.க்குக் கீழே போனாலே இறுக்கம் என்றுதான் கணக்கு. வாயைத் திறக்க வைக்க, ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையில் வைப்பதா, கையால் அழுத்தும் தாடைக் கருவியா என்று வீட்டில் ஒரே குழப்பம்.

செலவு: குச்சிக்கட்டு டீக்காசு. கருவி ஆயிரக்கணக்கில் போகும்.

பல்: குச்சியின் அழுத்தம் முழுக்க இரண்டு மூன்று பற்கள் மேல்தான். ரேடியேஷன் பட்ட பல் ஆடிவிட்டால் பிடுங்குவதே பெரிய வம்பு. தாடை எலும்பு ஆறாமல் போகலாம். கருவியில் பல் படும் பட்டை அழுத்தத்தைப் பரப்பிவிடும்.

முன்னேற்றம்: இதில் குச்சிதான் ஜெயித்தது. பதினோரு குச்சியை அடுக்கி, பன்னிரண்டாவதை நடுவில் மெல்லச் செருகி, எச்சில் வழிய வழிய, ஒன்று கூடிவிட்டது என்று அப்பா விரலைக் காட்டிச் சிரிப்பார்.

நேரம்: கருவிக்கு வேளைக்கு 7 முறை, முறைக்கு 7 விநாடி, தினம் 7 வேளை என்பார்கள். குச்சிக்கும் அதே பொறுமை வேண்டும்.

முன்பற்கள் உறுதியா? குச்சி போதும். பல் ஆடுகிறதா, இல்லவே இல்லையா? கருவிக்குச் செலவழிக்கலாம். கால் எலும்பு எடுத்துத் தாடை கட்டியவர்கள், சர்ஜன் சரி என்னும்வரை இரண்டையும் தொடாதீர்கள்.