எங்க ஏரியா பார்க்: ரெனோவேஷன் முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு

போன வாரம் ரிப்பேர் பண்ண வந்தாங்க, அத பாத்த கடுப்புலதான் இத டைப் பண்றேன். எட்டு போடற நடைபாதை, ஓப்பன் ஜிம், சறுக்கு, ஊஞ்சல் பத்தி எல்லாம் எழுதல, சென்னைல எந்த பார்க்ல அது இல்ல.

என் பிரச்சனை ஒண்ணே ஒண்ணு, பேவர் பிளாக், அதான் தரைல பதிக்கற அந்த சிமெண்ட் கல்லு. முன்னாடி புங்க மரத்தடில எல்லாம் மண்ணு, சருகு கிடக்கும், வெறுங்காலோட நடக்கலாம். இப்ப அடிமரத்தை ஒட்டி கல்லு. ஒரு மரத்துல கல்லை வளைவா அறுத்து, மரத்தோட உடம்புக்கு அளவெடுத்த மாதிரி பொருத்தி, இருந்த சந்துலயும் சிமெண்ட்டை இழைச்சிருக்காங்க. வேலைன்னு பாத்தா சுத்தமான வேலை, அதான் இன்னும் எரிச்சல். மரம் வருஷா வருஷம் பருக்குமேப்பா, அது எங்க போகும்? வேருக்கு தண்ணி மட்டும் இல்ல காத்தும் வேணும், தண்ணி உறிஞ்சற மெல்லிசு வேரெல்லாம் மேல் மண்லதான் இருக்கு, அத மூடிட்டு மேல பைப் வச்சு இலைய கழுவி விட்டா ஆச்சா? மரத்தை சுத்தி ஒரு மீட்டராவது காங்கிரீட் இல்லாம விடுங்கன்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013லயே டெல்லி மரங்களுக்கு சொல்லியாச்சு. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ இங்க மரம் சாஞ்சதோட பிளாட்ஃபார்ம் கல்லும் பேந்து வந்தத பாத்த ஊரு இது.

இதுல ஜிம் பக்கத்து மரம் மட்டும் ஜெயிச்சுடுச்சு. வேர் முண்டி கல்லை தூக்கிருச்சு, வாக்கிங் வந்த பெரியவர் ஒருத்தர் தடுக்கி விழ இருந்தார். கம்ப்ளெயிண்ட் போச்சு, காண்ட்ராக்டர் ஆளுங்க வந்தாங்க, கல்லை எடுத்தாங்க, சரி மண்ணாவே விட்ருவாங்கன்னு பாத்தா, உளிய வச்சு வேரை செதுக்கி மட்டம் பண்ணிட்டு அதே கல்லை திருப்பி பதிச்சுட்டாங்க. என்னண்ணே இதுன்னு கேட்டா, எஸ்டிமேட்ல அப்படித்தான் சார் இருக்குங்கறார். அவர என்ன சொல்றது.

நியாயத்துக்கு நல்லதையும் சொல்லணும். மூலைல ஸ்பாஞ்ச் பார்க்னு ஒரு பள்ளம் வெட்டினாங்க, சுத்தி சரிவா புல்லு, நடுவுல உறைகிணறு. கொசு வளக்கத்தான் போறாங்கன்னு எல்லாரும் சிரிச்சோம். ஆனா ஐப்பசில அடிச்ச மழைல பள்ளம் ரொம்பிருச்சு, ரெண்டு நாள்ல தண்ணி மொத்தமும் பூமிக்குள்ள போயிருச்சு, தெருவுல தேங்கறதும் முன்ன மாதிரி இல்ல. ராத்திரி தவளை சத்தம் வேற, எங்க தெருவுல அத கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! ஆனா யோசிங்க, பார்க் பூரா கல்ல போட்டு மழைத்தண்ணி இறங்க விடாம பண்ணிட்டு, அத இறக்கறதுக்குன்னு தனியா காசு செலவழிச்சு ஒரு பள்ளம். இந்த பிளானை யாரு ஓகே பண்ணாங்களோ.

லைட் எல்லாம் எரியுது. டாய்லெட் நிஜமாவே சுத்தம், பெருக்கற அக்காவுக்கு கோயிலே கட்டலாம். வாட்ச்மேன் அண்ணனும் நல்ல மனுஷன், பசங்க பந்தை மட்டும் புடுங்கி வச்சுப்பார்.

கதீட்ரல் ரோடு செம்மொழிப் பூங்கா முன்னாடி டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஹோட்டல் இருந்த இடம், அங்க நின்ன பெரிய மரங்களை விட்டு வச்சுத்தான் 2010ல பார்க்கா மாத்தினாங்க, அதாவது மரத்தை பாத்து பிளான் போட நம்ம ஊர்ல ஆள் இல்லாம இல்ல.

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு ரெண்டு, ஒண்ணு பள்ளத்துக்கு ஒண்ணு அந்த அக்காவுக்கு. இவ்ளோ திட்டிட்டு தினம் ஏன் போறீங்கன்னு வீட்ல கேக்கறாங்க. பின்ன, டெய்லி கதீட்ரல் ரோடுக்கு பஸ் புடிச்சு போயா நடக்க முடியும்?