பியூயல் பம்ப்: முழு அசெம்பிளியா, மோட்டார் மட்டுமா, புதுப்பேட்டையா?

டேங்குக்குள் இருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பியூயல் பம்ப் பழுதாகிவிட்டது என்று தெரிந்ததும் சென்னைக்காரருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. கார் நிறுவனம் விற்கும் முழு அசெம்பிளியை வாங்கலாம். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் பம்பின் மோட்டாரை மட்டும் வாங்கி, அதைத் தாங்கும் பழைய கூட்டிலேயே பொருத்தலாம். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வேறு காரிலிருந்து கழற்றிய அசெம்பிளியைத் தேடலாம். இதுதான் சமயமென்று அதிக ஓட்டம் தரும், அதாவது மணிக்கு அதிக லிட்டர் பெட்ரோலைத் தள்ளும் பம்பாக மாற்றலாம். பத்து வயதைத் தாண்டிய சிறிய பெட்ரோல் காருக்கு, கூடு நன்றாக இருந்தால், நான் மோட்டாரை மட்டும் மாற்றுவதையே பரிந்துரைப்பேன். ஆனால் அந்த வேலையில் ஒரு சிறு ரப்பர் குழாயைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் வீண்.

அதற்கு முன் குற்றம் பம்பினுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பெரும்பாலான கார்களில் பின் இருக்கைப் பக்கமிருந்து சுமார் 2 விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள், அடுத்து பம்புக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயை. பியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சில போர்டு கார்களில் மோதலின்போது பெட்ரோலை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கினால்கூட அது தானாக அணைந்துவிடும், அதன் பொத்தானை அழுத்திவிட்டால் போதும்.

இதற்குப் பிறகுதான் மல்டிமீட்டர். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பம்பின் கனெக்டரைக் கழற்றி வெறும் முனையில் அளந்தால், அரித்துப்போன கம்பிகூட 12 வோல்ட் காட்டும். பம்ப் இணைந்திருக்கும்போது, ஒருவர் ஸ்டார்ட் செய்ய மற்றவர் அளக்க வேண்டும். அதே நேரத்தில் பேட்டரியில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டு, 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கம்பியையோ எர்த்தையோ சந்தேகியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, வேளச்சேரியில் உறவினர் ஒருவரின் ஸ்விஃப்டில் பின் இருக்கையைத் தூக்கி, கீழே பம்புக்கு மேலுள்ள மூடியைத் திறந்தோம். கனெக்டரின் ஒரு முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பக்கத்து முனையைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. புதிய கனெக்டர் போட்டு எர்த்தைச் சுத்தம் செய்ததோடு வேலை முடிந்தது. பம்பை மாற்ற வேண்டும் என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

ரீங்காரம் கேட்டும் வண்டி திணறினால் பிரஷர் கேஜ் தேவை. எம்.பி.எஃப்.ஐ. கார்களில், அதாவது இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் கார்களில், அழுத்தம் பொதுவாக 3 பார் அளவில் இருக்கும். துல்லியமான எண் உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடிவிட்டு, கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கினால், பம்பின் அடியில் பெட்ரோலை வடிகட்டும் வலை அடைத்திருக்கலாம், அல்லது டேங்குக்குள் உள்ள குழாய் பிளந்திருக்கலாம்.

முழு அசெம்பிளியின் பெரிய பலம், அதில் பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், வலை, குழாய் எல்லாமே புதிதாக வருவதுதான். பெட்ரோல் முள்ளும் பொய் சொல்கிறது என்றாலோ, டேங்கில் வெள்ளநீர் புகுந்து உள்ளே துரு தெரிந்தாலோ, டேங்கைச் சுத்தம் செய்துவிட்டு இதையே வாங்குங்கள். விலை உறுத்தும். ஆனாலும் அந்தச் சூழலில் துண்டு துண்டாக மாற்றுவது வீண் செலவு.

மற்றபடி கூடு விரிசலின்றி, மிதவை சரியாக இருந்தால் மோட்டாரே போதும். பல மாடல்களில் அதன் விலை முழு அசெம்பிளியில் பாதிகூட இல்லை. அழுத்தமும் ஓட்டமும் பழையதற்குச் சமமாக இருக்கட்டும். வலையையும், மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் கூடவே புதிதாக வாங்குங்கள். இனி அந்தக் குழாய். மோட்டாரிலிருந்து மேல்மூடிக்குப் போகும் நெளிவுக் குழாயைப் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க முடியும். அந்த இடத்தில் சாதாரண பெட்ரோல் ஹோஸ் போட்டால் முதல் நாள் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த ஹோஸ் உட்புறம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும். வெளிப்புறமும் முழுகிக் கிடந்தால் ஊறி, இளகி, பிளந்துவிடும். புது மோட்டாரே மோசம் என்ற பழி அப்போதுதான் வருகிறது. டேங்குக்குள் முழுகியிருக்கவென்றே எஸ்.ஏ.இ. 30ஆர்10 தரத்தில் ஹோஸ் இருக்கிறது. அந்த எழுத்து ஹோஸின் மேலேயே அச்சாகியிருக்கும், பார்த்து வாங்குங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பதால், எத்தனாலைத் தாங்குமா என்றும் கேளுங்கள்.

புதுப்பேட்டைமேல் எனக்கு மதிப்பு உண்டு. கம்பியோடு வெட்டிய கனெக்டர், டேங்க் மூடியின் பூட்டு வளையம் போன்றவற்றுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பம்பை மட்டும் அங்கே வாங்காதீர்கள். பம்பைக் குளிர வைப்பதும் வழவழப்பாக வைப்பதும் அதைச் சூழ்ந்த பெட்ரோல்தான். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தால் உள்ளே பிசின் படிந்துவிடும். கடையில் பேட்டரி வைத்துச் சுழற்றிக் காட்டினால், சுற்றுகிறது என்பது மட்டுமே தெரியும். 3 பார் அழுத்தம் தருமா என்பது தெரியாது.

அதிக ஓட்டப் பம்ப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 80 குதிரைத்திறன் எஞ்சின் முழு ஆற்றலில் ஓடினால்கூட மணிக்கு 25 முதல் 30 லிட்டர்தான் குடிக்கும். அதற்கு மணிக்கு 255 லிட்டர் தரும் பம்ப் எதற்கு? மிச்சத்தைத் திருப்பிவிட சிறிய ரெகுலேட்டரால் முடியாமல் அழுத்தம் ஏறலாம். கூடுதல் மின்சாரத்தில் மெல்லிய கம்பி சூடாகும். டர்போ பொருத்தி எஞ்சினையே மாற்றியவர்களுக்கு அது தேவை.

வீட்டிலேயே செய்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சில வார்த்தைகள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தேங்கும். அடுக்குமாடியின் மூடிய பார்க்கிங்கில் இந்த வேலை கூடவே கூடாது. திறந்த இடம், பக்கத்தில் தீயணைப்பான், டேங்கில் கால்வாசிக்கும் குறைவான பெட்ரோல். பம்ப் பியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியென்றால் ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சில விநாடி சுழற்றுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பூட்டு வளையத்தை இரும்புச் சுத்தியலால் தட்டாதீர்கள், ஒரு பொறி போதும். காமன் ரெயில் டீசல் வண்டியின் உயர் அழுத்தப் பம்பைத் தொடவே வேண்டாம். அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், கசிவு தோலையே துளைக்கும்.

எல்லாம் பூட்டியதும் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து அணையுங்கள். டார்ச் அடித்து மூடியின் விளிம்பையும் குழாய் இணைப்பையும் பாருங்கள். ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் பின் இருக்கையைப் பொருத்தாதீர்கள். அழுத்தத்தை மறுபடி இறக்கி, ஓ-ரிங்கைச் சரிசெய்துவிட்டுத்தான் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.