மூன்று ஜன்னல் வைத்த பிளே கார்டு பட்டை: வாங்கலாமா?

எங்கள் பெண்கள் ஃபிளாக் ஃபுட்பால் (ஆளை மோதி வீழ்த்தாமல், இடுப்பில் தொங்கும் கொடியைப் பறித்து நிறுத்துகிற அமெரிக்கக் கால்பந்து) அணிக்காக ஆன்லைனில் வாங்கியது. முன்கையில் மாட்டி வெல்க்ரோவால் இறுக்கிக்கொள்ள வேண்டும். மூடியைத் திறந்தால் மூன்று பிளாஸ்டிக் ஜன்னல். ஒவ்வொன்றிலும் பிளேக்களை, அதாவது யார் எப்படி ஓடுவது என்று முன்பே வரைந்த திட்டங்களை, எண் போட்டு எழுதிய ஒரு துண்டுச் சீட்டு செருகலாம். ஒன்றின் விலை ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் கீழே. ஓரத்திலிருந்து நான் "பதினேழு" என்று கத்தினால், ஐந்து பேரும் கையைப் பார்த்து அவரவர் ஓட வேண்டிய ரூட்டைத் தெரிந்துகொள்வார்கள். (எண்ணைத் தமிழில் கூவினால் எதிரணிக்குப் புரியாது என்று கணக்குப் போடாதீர்கள். பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த அல்சூர் பக்கத்து அணி என்றால் அவர்களே திருப்பிச் சொல்வார்கள். இடைவேளையில் சீட்டை மாற்றிவிடுவதுதான் வழி.)

பழைய யோசனைதான். 1965இல் அமெரிக்காவின் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) யுனிடாஸ், குவோஸோ இருவருக்கும் காயம். பந்தோடு ஓடுகிற டாம் மேட்டியை அந்த இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. மொத்த பிளேபுக்கையும் மனப்பாடம் செய்ய அவருக்கு ஏது நேரம்? பிளேக்களைச் சீட்டில் எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஆடினார். கிரீன் பே அணியிடம் 13-10 என்று தோற்றதுகூடக் கூடுதல் நேரத்தில்தான். 1994 முதல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், கோச் சொல்வதைக் கேட்கக் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள்ளேயே ரேடியோ வந்துவிட்டது. ஆனாலும் பட்டை போகவில்லை. அங்கே ஒரு பிளேயின் பெயரே ஒரு வாக்கிய நீளம் இருக்கும். எண்ணைச் சொன்னால் சீக்கிரம் முடிகிறது.

எனக்கு இதில் பிடித்ததே இடம் போதாததுதான். ஜன்னலுக்குப் பத்து, பன்னிரண்டு வரிக்கு மேல் எழுதினால் படிக்க முடியாது. ஆகவே எதை வெட்டுவது என்று ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. புகழ்பெற்ற கோச் பில் வால்ஷ், என்எஃப்எல் அணியான ஃபார்ட்டி நைனர்ஸில் முதல் 25 பிளே வரை முன்கூட்டியே எழுதிவைத்தவர். மைதானத்துப் பதற்றத்தில் எடுக்கும் முடிவைவிட அறையில் நிதானமாக எடுத்த முடிவு மேல் என்பது அவர் கட்சி. நம் ஆட்கள் எந்த ஃபார்மேஷனில் (அமைப்பில்) நின்றால் எதிரணியின் டிஃபென்ஸ் எப்படி நிற்கிறது என்பதும் அந்தத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பெரிய அணிகளில் மூன்றாம் டவுன் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), கோல் கோட்டுக்கு அருகே என்று சூழலுக்குச் சூழல் உதவிக் கோச்சுகள் பிரித்துத் தயாரிப்பார்கள். எங்களுக்கு ஏது உதவிக் கோச்! முதல் ஜன்னலில் தொடக்க பிளேக்கள், இரண்டாவதில் நான்காம் டவுன், மூன்றாவதில் பந்தோடு ஓடக் கூடாத கடைசி ஐந்து யார்டு என்று பட்டையே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

அந்த மூன்றாவது ஜன்னலில் எங்கள் 23ஆம் எண் பிளே சுட்ட சரக்கு. 2023 பிப்ரவரியில் என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் கோச் ஆண்டி ரீடின் சீஃப்ஸ் அணி, ரிசீவரை (எறியும் பந்தைப் பிடிப்பவரை) உள்பக்கமாக ஓடவிட்டு, டிஃபென்ஸ் நகர்ந்ததும் சட்டென்று வெளியே திருப்பினார்கள். பக்கத்தில் ஆளே இல்லை. நான்காம் குவார்ட்டரில் அதே வித்தையை இடம் மாற்றி இன்னொரு முறையும் காட்டி, இரண்டிலும் டச்டவுன் (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளிகள்). புதுமை என்றால் புதிதாகப் பத்து பிளே வரைவது என்று நினைக்கிற கோச்சுகள் இதைப் பார்க்க வேண்டும்.

குறைகள் உண்டு. வியர்வையில் பிளாஸ்டிக் உள்ளே மங்கிவிடுகிறது. டர்ஃபில் ஃபிளட்லைட் போட்டால் ஜன்னல் பளபளத்து, "அக்கா, பதினேழா, இருபத்தேழா?" என்று நடுவில் நின்று கேட்கிறாள் ஒருத்தி. மெல்லிய கைக்கு வெல்க்ரோவைக் கடைசிவரை இழுத்தாலும் பட்டை சுழல்கிறது. இங்க்ஜெட் பிரின்ட் சாயங்கால மழைக்குத் தாங்காது. ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரின்ட் எடுங்கள். லேமினேஷன் வேண்டாம், தடிமனில் சீட்டு உள்ளே நுழையாது.

பத்து பிளேகூட இல்லாத அணிக்கு இது வீண் செலவு. மற்றவர்கள் ஐந்து பேருக்கும் சேர்த்தே வாங்குங்கள். குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் கட்டினால் அவள் எல்லாருக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருப்பாள். கறுப்பே எடுங்கள், வெள்ளையில் செம்மண் கறை போகாது.