12,480 வெள்ளி போச்சு: புதுப்பித்த ரேக் சர்வர் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று படியுங்கள்

12,480 சிங்கப்பூர் வெள்ளி. அந்தக் காசு திரும்பாது என்று சர்வர் விற்ற கடையிலிருந்து நேற்று மாலை வந்த மின்னஞ்சலில் உறுதியாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் விவரம் விட்டுப்போகும்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெரிய நிறுவனங்கள் கழித்துப்போட்ட சர்வர்களை வாங்கி, துடைத்து, புதுப்பித்தது என்று விற்று, ரேக்கில் (சர்வர்களை அடுக்கி வைக்கும் உலோக அலமாரி) பொருத்தியும் கொடுக்கும் ரகம். சிங்கப்பூரில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. நியாயமாக விற்பவர்களும் உண்டு, அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாகத் தருகிறேன்.

ஆர்டர் கொடுத்தது இது: 2யூ உயர (ரேக்கில் இரண்டு அடுக்கு உயரம்) சர்வர் ஒன்று, 12 கோர் (கணிப்பு மையம்) கொண்ட இன்டெல் ஜியான் பிராசசர் இரண்டு, 16 ஜிபி மெமரி 12 என 192 ஜிபி, பேட்டரியோடு கூடிய ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு நிற்கும்படி பார்த்துக்கொள்வது), 2.4 டிபி எஸ்ஏஎஸ் (சர்வருக்கான வகை) டிஸ்க் எட்டு, பவர் சப்ளை இரண்டு. டிஸ்க்குகள் மட்டும் புத்தம் புதியவை என்று இன்வாய்ஸில் எழுத்திலேயே இருக்கிறது. சர்வருக்கு 8,600. விண்டோஸ் சர்வர் லைசென்சுக்கு 2,080. பொருத்தித் தருவதற்கும் மூன்று வருட சர்வீசுக்கும் 1,800. மொத்தம் 12,480. முழுப் பணமும் பேநவ்வில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பும் வழி) முன்கூட்டியே போனது. 22 பேர் வேலை செய்யும் எங்கள் கணக்கு அலுவலகத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

நம்பியது எந்த நொடியில் என்று யோசித்துப் பார்த்தால், அது கடையில் மேசைமேல் சர்வரை ஓட்டிக் காட்டிய நேரம். விற்பனைத் தம்பி மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே தூசு இல்லை. சர்வரின் நிலையைக் காட்டும் மேலாண்மைத் திரையைத் திறந்தார். மெமரி, விசிறி, டிஸ்க், பவர் என எல்லாவற்றுக்கும் பச்சை டிக். "அண்ணே, நம்ம ஆளுங்களுக்கு நான் தப்பான பொருள் குடுப்பேனா? மூணு வருஷம் கண்ண மூடிக்கிட்டு ஓடும்" என்றார். அந்தப் பச்சையைத்தான் நம்பினோம்.

அதே திரையில் நிகழ்வுப் பதிவு என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: பதிவு அழிக்கப்பட்டது. நாலைந்து வருடம் எங்கோ ஓடிய எந்திரத்தின் பதிவில் ஒரே வரி இருந்தால், யாரோ உட்கார்ந்து துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பவர் சப்ளை போனது, மெமரியில் பிழை வந்தது, சூடேறியது எல்லாம் அதில்தான் தேதியோடு நிற்கும். விற்பதற்கு முன் பழையதை அழிப்பது வழக்கம்தான் என்றார். பழைய உரிமையாளரின் தரவை அழிப்பது வழக்கம். பழுதின் வரலாற்றை எதற்கு அழிக்க வேண்டும்? அன்றைக்கு இதைக் கேட்கவில்லை.

பொருத்த வந்தது ஒரு சனிக்கிழமை. வந்தவர்கள் ரேக்கின் ஆழத்தைக்கூட முன்கூட்டிக் கேட்கவில்லை. எங்கள் ரேக் 800 மில்லிமீட்டர் ஆழம். சர்வர் மட்டுமே 700க்கு மேல். பின்பக்கம் பவர் கேபிளும் நெட்வொர்க் கேபிளும் மடங்க இடம் வேண்டும். அதனால்தான் இந்த அளவு சர்வருக்கு 1,000 மில்லிமீட்டராவது ஆழமுள்ள ரேக் கேட்பார்கள். உரிய ரெயிலும் கொண்டுவரவில்லை. தட்டு ஒன்றை மாட்டி, 30 கிலோ அளவுக்குக் கனக்கும் பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டு, மூடாத பின்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்கள். ரெயில் இல்லையென்றால் சர்வரை வெளியே இழுத்து மூடியைத் திறக்க முடியாது. விசிறி ஒன்று போனாலும் முழுப் பெட்டியையும் இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டும்.

அதைவிட மோசம் மின் இணைப்பு. பவர் சப்ளை இரண்டு கொடுப்பதே, ஒரு வழி போனால் மறுவழி தாங்கட்டும் என்பதற்காக. ஒன்று யூபிஎஸ்சில், மற்றொன்று வேறு சர்க்கியூட்டில் போக வேண்டும். இவர்கள் இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் செருகி, அதை யூபிஎஸ்சுக்கு வெளியே சுவரில் இருந்த 13 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டினார்கள். யூபிஎஸ்சில் பொருந்தும் துளை காலியில்லையாம். அந்தச் சாக்கெட்டும் பேன்ட்ரி ஃப்ரிட்ஜும் ஒரே சர்க்கியூட். வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிய தாளில் "ரிடண்டன்ட் பவர் சரிபார்க்கப்பட்டது" என்று டிக் போட்டிருக்கிறார்கள். ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் சர்வர் ஓடத்தான் செய்யும். அதைத்தான் சரிபார்த்தது என்கிறார்கள்.

ஆறாவது வாரம், மூன்றாம் டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு. 1,800 வெள்ளி சர்வீஸ் ஒப்பந்தப்படி 24 மணி நேரத்தில் ஆள் வர வேண்டும். வந்தது மூன்றாம் நாள், சனிக்கிழமை மதியம். கையில் மாற்று டிஸ்க் இல்லை. பழுதான அதே டிஸ்க்கை உருவி, பத்து நொடி கழித்துத் திரும்பச் செருகினார். ரெய்டு கார்டு அதைப் புதிய டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு மறுகட்டுமானத்தைத் தொடங்கியது, அதாவது மற்ற டிஸ்க்குகளைப் படித்து, இதில் இருந்திருக்க வேண்டிய தரவைத் திரும்ப எழுதுவது. "ஓகே ஆயிடுச்சு அண்ணே" என்று கிளம்பினார். ஒரு டிஸ்க்கைக் கார்டே தள்ளிவைத்தால் காரணம் இருக்கும். அதை மறுபடி உள்ளே தள்ளுவது நோயாளியை எழுப்பி வேலைக்கு அனுப்புவது போல. மிச்சம் ஏழு டிஸ்க்கும் அடிமுதல் நுனிவரை படிக்கப்படும் நேரம் அது. 2.4 டிபி டிஸ்க்குக்கு, சர்வர் சும்மா இருந்தாலே ஆறேழு மணி நேரம் ஆகும். வேலையும் சேர்ந்து ஓடினால் ஒரு நாளைத் தாண்டும். எட்டு டிஸ்க்கையும் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் விழுந்தால் மட்டுமே தாங்கும் முறை) ஆகக் கட்டியிருந்தார்கள், உபரி டிஸ்க் கிடையாது. அந்த நேரம் முழுக்க இன்னொன்று விழுந்தால் அவ்வளவுதான். இத்தனை பெரிய டிஸ்க் எட்டு இருந்தால் ரெய்டு 6தான் போட வேண்டும். 16.8 டிபிக்குப் பதில் 14.4 கிடைக்கும், ஆனால் இரண்டு விழுந்தாலும் நிற்கும்.

அதோடு எங்கள் கட்டடத்தில் மத்திய ஏர்கான் சனி மதியத்தோடு நின்றுவிடும். கதவடைத்த அறையில், பின்பக்கம் சுவரை ஒட்டி, சூடான காற்று போக வழியில்லாமல் மறுகட்டுமானம் ஓடியிருக்கிறது.

ஞாயிறு விடியற்காலை ஃப்ரிட்ஜில் மின்கசிவு, சர்க்கியூட் ட்ரிப். பவர் சப்ளை இரண்டும் ஒரே நொடியில் செத்தன.

இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் செய்த வேலைகளிலேயே கொடியது இதுதான். ரெய்டு கார்டில் கேஷ் மெமரி இருக்கிறது. எழுத வரும் தரவை அதில் வாங்கிக்கொண்டு, "எழுதியாச்சு" என்று சர்வரிடம் சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக டிஸ்க்குக்கு அனுப்பும். இதற்கு ரைட் பேக் என்று பெயர். நடுவில் மின்சாரம் போனால் கேஷில் நிற்பதைக் காப்பாற்றத்தான் கார்டில் பேட்டரி. பேட்டரி செத்துவிட்டால் கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்கு மாறும், அதாவது டிஸ்க்கில் எழுதிய பிறகுதான் பதில் சொல்லும். வேகம் வெகுவாகக் குறையும், ஆனால் தரவு பத்திரம். எங்களுக்கு விற்ற கார்டின் பேட்டரி விற்கும்போதே செத்தது. வேகம் குறைந்தால் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? அதனால் பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக்கிலேயே ஓடு என்று கட்டாயப்படுத்தும் ஃபோர்ஸ் ரைட் பேக் அமைப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இது தானாக வரும் அமைப்பு இல்லை. ஒருவர் மெனுவுக்குள் போய், எச்சரிக்கையைப் படித்து, சரி என்று அழுத்த வேண்டும். தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

மின்சாரம் திரும்பியதும் கார்டு சொன்ன முதல் செய்தி, கேஷில் இருந்த தரவு தொலைந்தது என்பது. அடுத்து ஆறாம் டிஸ்க்கும் விழுந்தது. மொத்தத் தொகுதியும் போச்சு. தனியாக வேறொரு பெட்டிக்கு வெள்ளிக்கிழமை இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் அலுவலகம் பிழைத்தது. சனிக்கிழமை மாதக் கடைசிச் சம்பள வேலை முழுவதும் போனது.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். மிச்சமிருந்த டிஸ்க்குகளை, டிஸ்க்கின் உள்பதிவைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் படித்தால், "புத்தம் புதியது" என்று விற்ற ஒன்று ஓடியிருக்கும் நேரம் 41,212 மணி. ஏறக்குறைய 4.7 வருடம் நிற்காமல் ஓடிய டிஸ்க். தயாரித்தது 2018ஆம் ஆண்டு 31ஆம் வாரம் என்று அதே அறிக்கை சொல்கிறது. மேலே ஒட்டியிருந்த புது ஸ்டிக்கரை உரித்தால் அடியில் பழையது. மெமரியை ஒரு பிராசசருக்கு எட்டு, மற்றதற்கு நான்கு என்று செருகியிருந்தார்கள். ஆறு ஆறாகப் பிரித்திருக்க வேண்டும்.

விண்டோஸ் லைசென்ஸ் தனிக் கதை. லைசென்ஸ் நிலையைக் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி கட்டளையை அடித்துப் பார்த்தால் கேஎம்எஸ் ஆக்டிவேஷன் என்று வந்தது. அது பெரிய நிறுவனங்கள் தங்கள் உள் சர்வரை வைத்துச் செய்துகொள்வது. 180 நாளுக்குள் அந்தச் சர்வரைத் திரும்பத் தொடர்புகொள்ளாவிட்டால் காலாவதியாகும். எங்களிடம் அப்படி ஒரு சர்வரே இல்லை. 2,080 வெள்ளிக்குக் கிடைத்தது 180 நாள். இன்வாய்ஸில் எழுதியிருப்பதும் 16 கோருக்கு, எந்திரத்தில் இருப்பது 24. 22 பேருக்கும் தேவையான பயனர் லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பிய பின் வந்த பதில்கள் இவை. முதல் நாள்: "பாஸ் மீட்டிங்ல இருக்காரு அண்ணே." மூன்றாம் நாள்: "டிக்கெட் போட்டாச்சு." ஏழாம் நாள்: "பவர் ட்ரிப் ஆனா வாரண்டில வராது." மல்டி பிளக்கில் செருகியதே உங்கள் ஆட்கள்தான் என்று கையெழுத்துத் தாளை அனுப்பினால், "சைட் பவர் கஸ்டமர் பொறுப்பு." தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்து, உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டதே என்று கேட்டால், "நாங்க சொன்னது எங்க வாரண்டி." பத்தாம் நாளுக்கு மேல் தமிழே நின்றுவிட்டது. அதுவரை அண்ணே அண்ணே என்று அழைத்தவரிடமிருந்து "டியர் வேல்யூட் கஸ்டமர்" என்று தொடங்கும் ஆங்கில மின்னஞ்சல், கீழே பெயர்கூட இல்லாமல். நல்லெண்ண அடிப்படையில் அடுத்த வாங்குதலில் 5 விழுக்காடு தள்ளுபடி தருவார்களாம். 12,480 வெள்ளி வாங்கியவர்கள் தரும் நல்லெண்ணம்.

தூக்கத்தைக் கெடுப்பது இன்னொன்று. விழுந்த இரண்டு டிஸ்க்கையும் "கம்பெனிக்கு அனுப்பி மாத்தித் தரோம்" என்று திங்களன்று எடுத்துப்போனார்கள். திரும்ப வரவில்லை. அவற்றில் வாடிக்கையாளர்களின் ஊழியர் பெயர், அடையாள எண், சம்பளம் எல்லாம் இருக்கின்றன. ரெய்டில் இருந்த ஒரு டிஸ்க்கைத் தனியாகப் படிக்க முடியாது என்று சமாதானம் சொல்கிறார்கள். ரெய்டு 5இல் தரவு துண்டு துண்டாகத்தான் பிரிகிறது, ஆனால் 64 கேபி துண்டு ஒன்றில் ஒருவரின் முழுச் சம்பளச் சீட்டும் அடங்கும். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் வெளியே போனால், அது தெரிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவான 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல வேண்டும். கடைக்காரர் செய்ததற்கும் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்.

வரிசையாக எழுதுவதாகச் சொன்னேன். நாளைக் காலைக்குள் மனு தயாராக வேண்டும், அதனால் அவசரமாகச் சில மட்டும்.

பணம் கொடுக்குமுன் சீரியல் எண்ணை வாங்கி, தயாரிப்பாளர் தளத்தில் உத்தரவாதத் தேதியை நீங்களே பாருங்கள். டிஸ்க் ஒவ்வொன்றின் ஓடிய மணிக்கணக்கையும் கடையிலேயே, உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள். எங்களுடையது போன்ற ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கைப் படிக்க மெகாரெய்டு என்ற தெரிவைச் சேர்த்து ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொடுக்க வேண்டும், முடியாது என்றால் நம்பாதீர்கள். பேட்டரி நிலையையும் எழுதும் முறையையும் பாருங்கள். ஐடிராக், ஐலோ (டெல், எச்பி சர்வர்களின் மேலாண்மைத் திரைகள்) எதுவானாலும் பதிவுப் பக்கம் காலியாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னே கொடுக்காதீர்கள்.

நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போய்ப் பயனில்லை, அது தனிநபர்களுக்கு. 20,000 வெள்ளி வரை சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் எடுத்துக்கொள்ளும், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது. வாட்சப் உரையாடலை இன்றே ஏற்றுமதி செய்து வையுங்கள். எங்களுக்கு வந்த மூன்று செய்திகளை அவர்கள் ஏற்கனவே அழித்துவிட்டார்கள்.

பழுதான டிஸ்க்கை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். டிஸ்க்கைத் திருப்பித் தரத் தேவையில்லை என்ற ஷரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் டிஸ்க் இரண்டும் இன்றோடு 19 நாளாக அவர்களிடம்தான் இருக்கின்றன.