பனிக்கரடியும் பென்குயினும் ஒரே டப்பாவில்

பக்கத்து வீட்டு ஆறு வயதுக்காரி புது விலங்குப் பொம்மை டப்பாவைத் தரையில் கவிழ்த்து வரிசையாக அடுக்கினாள். பனிக்கரடிக்குப் பக்கத்தில் பென்குயின், சிங்கத்துக்குப் பக்கத்தில் புலி. "அத்தை, இவங்க எல்லாரும் ஒரே காடு" என்றாள். பனிக்கரடி வடதுருவப் பக்கம், பென்குயின் பூமியின் தென்பாதி. அவை நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆப்பிரிக்கக் காட்டில் புலியே கிடையாது. டப்பாவில் எல்லாம் ஒன்றாக வந்தால் குழந்தை வேறென்ன நினைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மொட்டைமாடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். பாடப்புத்தகம் 'பல்லுயிர்த் தொகுதி' என்று சொல்வதை, அதாவது தூந்திரா (துருவத்தை ஒட்டிய, மரமில்லாத குளிர்நிலம்), ஊசியிலைக் காடு, சவானா (மரங்கள் அங்கங்கே நிற்கும் வெப்பப் புல்வெளி), மழைக்காடு, பாலைவனம் என்ற பிரிவுகளை, அவர்களுக்குப் பல வழிகளில் சொல்லிப் பார்த்தேன். எல்லா வழியையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: இந்த விலங்கு ஏன் அங்கே இருக்கிறது என்று பிள்ளை சொல்கிறதா? வெப்பமும் மழையும் செடியைத் தீர்மானிக்கின்றன, செடி விலங்கைத் தீர்மானிக்கிறது. இந்தச் சங்கிலி பிடிபடாவிட்டால் நூறு விலங்குப் பெயர் தெரிந்தும் பயனில்லை.

பொம்மையும் படஅட்டையும் நாலைந்து வயதுக்குப் போதும். பெயர் பழகும், அவ்வளவுதான்.

விலங்குக் காட்சிசாலை தரும் ஒன்றை வேறெதுவும் தராது: உருவத்தின் அளவு, வாடை, சத்தம். வண்டலூரில் சிங்கம் கர்ஜித்தபோது ஒரு பையன் என் கையை இறுக்கிப் பிடித்தான். அதை எந்தப் புத்தகமும் செய்யாது. ஆனால் கூண்டுக்குள் இருப்பது விலங்கு மட்டும்தான், அதன் நாடு இல்லை. சுற்றிலும் நிற்பது நம் ஊர் வேம்பும் புங்கையும். சவானாவின் புல் அங்கே இல்லை.

ஆவணப்படத்தில் நாடு தெரியும், ஆனால் நேரம் சுருங்கிவிடும். சிங்கம் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும், துரத்துகிற இரையில் பெரும்பாலானவை தப்பித்துவிடும். படத்திலோ நிமிடத்துக்கு ஒரு வேட்டை. அதனால் நான் சத்தத்தை நிறுத்திவிட்டு, "காலுக்குக் கீழே என்ன இருக்குன்னு மட்டும் பாருங்க" என்பேன். அப்போதுதான் புல்லின் உயரம் அவர்கள் கண்ணில் படுகிறது.

சுவர் வரைபடமா உலக உருண்டையா என்றால், யோசிக்காமல் உருண்டை. தட்டையான பல வரைபடங்களில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. உருண்டையில் நிலநடுக்கோட்டின் மேல் விரலை ஓட்டச் சொன்னால் அமேசான், காங்கோ, போர்னியோ என்று மழைக்காடுகள் வரும். அதற்கு வடக்கே 20 முதல் 30 டிகிரி வரையுள்ள அட்சக் கோடுகளில் ஓட்டினால் சகாரா, அரேபியா, தார் என்று பாலைவனங்கள். நடுக்கோட்டில் சூடாகி மேலே போன காற்று மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, அங்கே வந்து இறங்குகிறது. விரல் போகிற போக்கிலேயே காரணம் புரிந்துவிடும்.

ஆனால் என் மனதுக்குப் பிடித்தது ஒரு சாக்பீஸும் அளவு நாடாவும்தான். ஒரு வருஷ மழை வடியாமல் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்று மாடிச் சுவரில் கோடு போட்டோம். பாலைவனம் அதிகபட்சம் 25 சென்டிமீட்டர். சின்னவளின் முழங்காலைக்கூட எட்டவில்லை. சென்னைக்கு ஏறக்குறைய 140. பத்து வயதுப் பையனின் உச்சந்தலை. மழைக்காடு 200-க்கு மேல், கதவு நிலையைத் தொடும். சிரபுஞ்சிக்கு 11 மீட்டருக்கும் மேல் என்றதும் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

அடுத்துத் தூந்திரா. அதற்கும் பல இடங்களில் 25-க்குள்தான். கோடு பாலைவனக் கோட்டின் மேலேயே விழுந்தது. "அப்போ அதுவும் பாலைவனமா?" என்று கேட்டாள் ஒருத்தி. அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனை நாள் உட்கார்ந்திருக்கலாம். இல்லை, கோடையில் அது சதுப்பாகக் கிடக்கும். மேல்மண் மட்டும் இளகும், அடிமண் வருஷம் முழுக்க உறைந்தே இருக்கும், தண்ணீர் கீழே இறங்காது. குளிரில் ஆவியாவதும் குறைவு. தேங்கிய நீரில் கொசுவும் பூச்சியும் மொய்க்கும். அதைத் தின்னவே பறவைகள் அங்கே போய்க் குஞ்சு பொரிக்கின்றன. சிட்டுக்குருவி அளவே இருக்கும் கொசு உள்ளான் என்ற பறவை சைபீரியத் தூந்திராவில் பிறந்து, குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் பள்ளிக்கரணைக்கும் வருகிறது. தூந்திராவின் உயிர் ஒன்றை நம் சேற்றிலேயே காட்ட முடியும் என்று அன்றுதான் எனக்கும் உறைத்தது.

ஐந்திணையை வைத்துச் சொல்லித்தரலாமே என்பார்கள். நிலம், மரம், விலங்கு, தொழில் நான்கையும் ஒரே மூச்சில் கட்டுகிற அந்தப் பார்வை பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் பாலைத் திணையைச் சகாராவோடு சேர்க்காதீர்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்த நிலம் அது. மழை வந்தால் மீளும். சகாரா அப்படியல்ல.

கையில் காசும் ஒரு விடுமுறையும் இருந்தால் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போய் வாருங்கள். ஆழியாறு பக்கம் வறண்ட காடு. 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோலை மந்தியும் இருவாச்சியும் வாழும் மழைக்காடு. நடுவில் பாறை விளிம்பில் வரையாடு நின்றாலும் நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பொள்ளாச்சியில் ஏன் மழைக்காடு இல்லை என்ற கேள்விக்கு, மேகத்தை மறிக்கும் மலை எதிரிலேயே நின்று பதில் சொல்லும்.

கடலுக்கு மட்டும் என் சாக்பீஸ் கோடு உதவாது. அங்கே கணக்கு மழையில் இல்லை, வெளிச்சத்தில். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை வெயில் இறங்கும் ஆழத்தில்தான் வளரும். ஆழம் கூடக் கூட இருட்டு. அந்த இருட்டுக்குள் ஏழெட்டுப் பிள்ளைகளை நான் கூட்டிப்போக முடியாது. அதற்கு ஆவணப்படம்தான். அன்றைக்கு மட்டும் சத்தத்தை நிறுத்துவதில்லை. திமிங்கிலம் பேசுவதைக் கேட்க வேண்டுமே.